தோப்பியும் நல்லடையும்

ரஹாங், சிரம்பான் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவனிடம் ‘கள்’ என்று சொன்னால், அவன் மனத்தில் தோன்றுவன தென்னை மரமும், சீவிய பாளையும், பாட்டனார் காலத்துக் கள்ளுக்கடையுமே ஆகும். அது அவன் குற்றமன்று. அவன் கேட்டும் கண்டும் வந்த உலகம் அது. சங்க நூல்களைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் பலரும் கள், தேறல், நறவு, மட்டு, பிழி, அரியல், தோப்பி என்னும் சொற்கள் வருமிடந்தோறும் எல்லாவற்றுக்கும் ‘கள்’ என்று ஒரே பொருள் கூறிவிட்டு விரைவாகக் கடந்து செல்வதே வழக்கமாக இருக்கிறது. குடிப்பழக்கத்தால் குடும்பங்கள் நலிந்ததைக் கண்ணாரக் கண்ட சமுதாயத்தில், வகுப்பறையில் அவ்விடத்தில் நின்று விளக்க ஆசிரியர் கூசுவது இயல்பே. ஆயினும் அக்கூச்சத்தின் விளைவாக ஒரு பெரிய தவறு நிலைத்துவிட்டது. அதியமானும் பாரியும் பாணருக்கு வழங்கியது தோட்டத்துக் கள்ளுக்கடையில் விற்றதே போலும் என்று மாணவன் எண்ணிக்கொள்கிறான். குடி தமிழனுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் என்று பிறர் சொல்லும்போது அதற்கு மறுமொழி கூற அவனுக்குச் சான்று ஏதும் இல்லாமற் போகிறது.

சான்று நூல்களிலேயே இருக்கிறது. அதுவும் ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. மரத்துக் கள்ளை ‘இறக்குவர்’. சோற்றையும் கறியையும் ‘அடுவர்’. பழைய பாட்டுகள் கள்ளை அடுவதாகவும் கூறுகின்றன. ‘இல்லடு கள்’ என்பது பெரும்பாணாற்றுப்படையில் வரும் தொடர். வீட்டிலே சமைத்த கள் என்பது பொருள். அதனை அடுத்தே ‘தோப்பி’ என்னும் சொல் வருகிறது. இதற்கு நெல்லாற் செய்த கள் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். பாளையிலிருந்து சொட்டும் நீரை எவரும் அடுப்பில் ஏற்றிக் கள்ளாக்குவதில்லை. அது கலயத்திலேயே தானாகப் புளிக்கும். ஆகவே அடப்பட்ட கள் தானியக் கள்ளே என்பதில் ஐயமில்லை. மேனாட்டார் ‘பீர்’ என்றும் ‘ஏல்’ என்றும் வழங்கும் குடிவகையோடு உறவுடையது அது. பனை தென்னை தரும் கள்ளோடு அதனை ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது.

மரத்துக் கள் அக்காலத்தில் இல்லை என்று இதனால் கொள்ளவேண்டா. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் பனைமரத்துப் பிழியை மாந்தியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அதே புலவராகிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்நிலைகளை அடுத்து வாழும் வலைஞர் குடியிருப்பைக் காட்டும்போது அங்கே பனையைப் பேசவில்லை, அரிசியைப் பேசுகிறார். கடற்கரையில் பனைப் பிழியும், நெல் விளையும் உள்நாட்டில் அரிசிக் கள்ளும் என இரண்டையும் வேறு வேறாக அறிந்த ஒருவரின் பாட்டு அது. ஆதலால் அவர் சொல்லும் செய்முறையை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க இயலாது.

அச்செய்முறை எட்டு அடிகளுக்குள் அடங்கிவிடுகிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கவேண்டும். அக்களியை வாயகன்ற பிழா என்னும் தட்டில் கொட்டிப் புலர ஆறவிடவேண்டும். பின்னர் நல்லடை என்ற ஒன்றை அதனோடு பிசைந்து கலக்கவேண்டும். வலிய வாயையுடைய சாடியில் இட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடவேண்டும். பச்சைத் தன்மை நீங்கி விளைந்த பிறகு நீர் சேர்த்து, விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தெடுக்கவேண்டும். களைத்து வரும் பாணனுக்கு அதனைச் சுட்ட மீனோடு கொடுப்பார்கள் என்கிறார் புலவர்.

ஒவ்வொரு படியையும் இன்றைய அறிவியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்புத் தோன்றும். அரிசியில் இருப்பது மாவுப்பொருள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவுப்பொருளை நேரே உண்டு சாராயமாக்க வல்லதன்று. யாரேனும் அதனை முதலில் சர்க்கரையாக உடைத்துத் தரவேண்டும். வேகவைத்துக் களியாக்குவது அவ்வுடைப்புக்கு வழி திறக்கிறது. ஆனால் சூடான களியில் நல்லடையைக் கலந்தால் அதிலுள்ள உயிர்ச்சத்து வெந்து மடியும். ஆகவேதான் பரந்த தட்டில் ஆற்றவேண்டும் என்பது. குழிந்த பானையில் களி நடுவே நெடுநேரம் சூடாக இருக்கும்; அகன்ற தட்டிலோ ஒரே சீராக ஆறும், மேலீரமும் வற்றும். தீட்டாத அரிசி ஏன் எனில், தவிட்டில் உள்ள சத்துகள் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு. தமிழ்நாட்டு வெயிலுக்கு இரண்டு பகல் இரண்டு இரவு என்பதும் அளவான காலமே. குளிர்நாட்டில் இதற்குப் பல நாள்கள் செல்லும்.

இனி இம்முறையின் உயிர்நிலைக்கு வருவோம். நல்லடை என்பது யாது?

நச்சினார்க்கினியர் அதனை முளை என்று கொண்டு, நல்ல முளையை இடித்துக் கலந்து என உரை வகுத்தார். நெல்லை நனைத்து முளைகட்டச் செய்தால் மாவுப்பொருளை உடைக்கும் நொதிகள் அதில் தோன்றும். பார்லியை முளைகட்டி உலர்த்திப் பெறும் மால்ட் என்பதும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். எனவே உரையாசிரியர் கூறியது செயலுக்கு ஒத்துவராத கற்பனையன்று. மேனாட்டு முறையை அறியாத 14ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒருவர் முளையைக் கூறினார் எனின், கேட்டோ கண்டோதான் கூறியிருக்கவேண்டும்.

ஆயினும் பாட்டில் ஓர் உவமை நிற்கிறது. அந்த அடை, பாம்பு உறையும் புற்றின் உள்ளே கிடக்கும் குரும்பியைப் போன்றது. அதன் புறம் பூத்திருக்கிறது. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. புற்றை வெட்டிப் பார்த்தவர்கள் அதனை அறிவார்கள்: மூளையின் மடிப்புகளைப் போல் மடிந்து மடிந்து, கையில் எடுத்தால் பொலபொலவென உதிரும் இலேசான கட்டி, அதன் மேல் வெள்ளை வெள்ளையாகச் சிறு மணிகள். கறையான் தான் மென்ற மரத்தூளைக் கட்டியாகச் சேர்த்து அதன்மேல் ஒருவகைக் காளானைப் பயிர் செய்து உண்கிறது என்றும், அவ்வெண்மணிகள் அக்காளானின் கருக்களே என்றும் உயிரியலார் கண்டுள்ளனர். மழை பெய்தவுடன் புற்றின்மேல் முளைக்கும் புற்றுக்காளான் இதிலிருந்து எழுவதே. ஆக, புலவர் தம் உவமைக்குத் தேர்ந்தெடுத்த பொருள் பூஞ்சணம் படர்ந்த ஒரு கட்டி. இன்றும் பழைய சோற்றின் மேலோ ஊறுகாயின் மேலோ வெண்படலம் படர்ந்தால் ‘பூத்துவிட்டது’ என்றே வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். ‘பூம்புறம்’ என்ற அடைமொழிக்குப் பொலிவுடைய புறம் என்பது மரபுரை. பூஞ்சணம் பூத்த புறம் என்றும் அதனைக் கொள்ளலாம் அன்றோ? ‘அடை’ என்ற சொல்லும் தட்டித் திரட்டிய வட்டப் பண்டத்துக்கு வழங்குவதே.

அவ்வாறு கொண்டால் நல்லடை என்பது, அரிசிமாவில் மூலிகை சேர்த்துத் தட்டிப் பூஞ்சணம் படியவிட்டு உலர்த்திய புளிப்புவில்லை ஆகிறது. இத்தகைய வில்லை கட்டுக்கதையன்று. இமயமலைச் சாரலில் அதனை ‘மர்ச்சா’ என்கின்றனர். சார்க்கண்டுப் பகுதியில் அண்டியா என்னும் அரிசிக் கள்ளை வடிக்கும் பழங்குடியினர் ‘ரானு’ என்னும் வில்லையை இடுகின்றனர். காட்டு வேர்களும் இலைகளும் பட்டைகளும் அரிசிமாவோடு சேர்த்து இடித்துச் செய்யப்படுவது அது. எந்த மூலிகை, எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபடும். கள்ளின் மணமும் சுவையும் பெரும்பாலும் அவ்வில்லையைப் பொறுத்தவை.

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலான் மலாய்க் குடும்பங்களில் பெருநாளுக்குத் தாப்பாய் செய்யும்போது பயன்படும் ‘ராகி’ இதே இனத்தது. (பெயரொற்றுமை கண்டு அதனைக் கேழ்வரகு என மயங்கவேண்டா, மலாய் மொழியில் ராகி என்பது புளிப்பூட்டும் வில்லை.) அரிசிமாவில் அரத்தை, பூண்டு, மிளகு போன்ற நறுமணப் பொருள்களைச் சேர்த்துச் செய்வது பழைய முறை. புழுங்க வைத்த புளுட் அரிசியைப் பரப்பி நன்றாக ஆறவிடுகிறார்கள். ராகியைப் பொடித்துத் தூவுகிறார்கள். இலையில் பொதிந்து இரண்டு மூன்று நாள் மூடிவைக்கிறார்கள். சூட்டோடு தூவினால் தாப்பாய் கெடும் என்பதைச் சிறுமியரும் அறிவர். புலவர் கூறிய பிழாவும் புலர ஆற்றுதலும் இங்கே கண்முன்னே நடக்கின்றன. பொதியும் இலை சில வீடுகளில் ரப்பர் இலை. பால்வெட்டுக்கென நட்ட மரத்தின் இலை அதற்கு வாய்த்தது தோட்டப்புறத்து வரலாற்றின் ஒரு சிறு விந்தை. மலாய் மக்கள் அதனை இனிக்கும் நிலையிலேயே பண்டமாக உண்பர். சரவாக்கின் ஈபான் மக்களோ அதே வழியில் இன்னும் சில நாள்கள் விட்டுத் துவாக் என்னும் அரிசிக் கள்ளாக்குவர். சபாவில் கடசான் டூசுன் மக்கள் சாடியிலிருந்து மூங்கிற் குழலால் உறிஞ்சி அருந்துவர்.

வடமொழிச் சான்றும் ஒன்று உண்டு. சாமசாத்திரி 1909இல் அச்சிட்டு வெளியிட்ட கௌடலீயத்தின் இரண்டாம் அதிகரணத்தில் கள் மேலாளன் கடமைகளைக் கூறும் பகுதியில் ‘கிண்வம்’ என்னும் புளிப்புப்பொருள் செய்யும் விதம் இருக்கிறது. உளுந்தின் மாவும் அரிசியும், மொரடம் முதலிய மூலிகைகளில் சிறு அளவும் சேர்ந்தது கிண்வம். உளுந்தும் அரிசியும் என்றவுடன் படிப்பவர்க்குத் தோசை மாவு நினைவுக்கு வருமாயின் அது பிழையன்று. அரைத்துப் புளிக்கவைக்கும் அறிவு தமிழ் அடுக்களையை விட்டு என்றும் நீங்கியதில்லை.

இவற்றையெல்லாம் வைத்து நச்சினார்க்கினியர் தவறினார் என்று தீர்ப்புக் கூறலாகாது. முளைகட்டிய நெல்லும் வேர்கள் பின்னிக்கொண்டு மெத்தைபோல் ஆகும்போது குரும்பியைப் போலவே தோன்றும். முளையை இடித்து அடையாகத் தட்டி, அதில் பூஞ்சணமும் படிந்திருந்தால் இரு கருத்தும் ஒன்றாகிவிடும். ஆயினும் உவமையின் முழு அழகும் பூத்த வில்லைக்கே பொருந்துகிறது. சங்கப் புலவர் உவமையை வீணே இழைப்பவர் அல்லர்.

மூலிகையைக் கள்ளில் இட்டதற்கு ஐயத்துக்கு இடமற்ற தமிழ்ச் சான்று வேண்டுமெனில் மணிமேகலையைப் பார்க்கவேண்டும். வஞ்சி நகரில் சமயவாதிகள் தத்தம் கொள்கையை உரைக்கும் 27ஆம் காதையில், பூதவாதி என்பான் உயிர் என்பது தனியே ஒன்றில்லை என்று வாதிடுகிறான். ஐம்பூதங்களும் கூடியபோது உணர்வு பிறக்கிறது என்பது அவன் கொள்கை. அதற்கு அவன் காட்டும் எடுத்துக்காட்டு கள் வடித்தல். தாதகிப் பூவையும் கட்டியையும் பிற பொருள்களையும் கூட்டினால், தனித்தனியே எதனிடத்தும் இல்லாத களிப்பு பிறக்கிறதல்லவா என்கிறான். கேட்போர் அனைவரும் அறிந்த செயலையே வாதி எடுத்துக்காட்டாகக் கூறுவான்; தாதகிப் பூவிட்டு வடித்தல் அக்காலத்தில் அத்துணைப் பரவலாக இருந்தது என்பது இதனால் பெறப்படும். தாதகி என்பது காட்டாத்தி. அதன் சிவந்த பூவில் தேனும், அத்தேனை நாடும் இயற்கை ஈஸ்டும் உண்டு. இன்றும் அரிட்டம், ஆசவம் என்னும் மருந்துகளில் இப்பூவை இடுகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் தசமூலாரிட்டம் வாங்கி உணவுக்குப் பின் இரண்டு கரண்டி பருகும் முதியவர், மூலிகையும் கட்டியும் பூவும் சேர்ந்து புளித்த பழைய வடிப்பொன்றைத்தான் பருகுகிறார். அதில் தானாக விளைந்த சாராயம் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இருக்கும். மருந்து என்று பெயர் இருப்பதால் எவரும் முகஞ்சுளிப்பதில்லை.

மேனாட்டுக் குடிவரலாறு இவ்விடத்தில் சிறிது ஒளி தரும். பீர் என்றால் ஹாப் என்னும் கொடியின் பூ இட்டுக் கசப்பேற்றியதே என்று இன்று உலகம் முழுதும் கருதுகிறது. தொடக்கத்தில் அவ்வாறில்லை. ஐரோப்பாவின் வடபகுதியில் பல நூற்றாண்டுகள் ‘குரூட்’ என்னும் மூலிகைக் கலவையை இட்டே ஏல் வடித்தனர். சதுப்பு நிலத்து மணப்புதர் இலையும் காட்டு ரோஸ்மேரியும் அதில் சேரும். அக்கலவையை விற்கும் உரிமையைப் பிரபுக்களும் ஆயர்களும் வைத்திருந்து வருவாய் பெற்றனர். ஹாப் பூ வடிப்பைக் கெடாமற் காக்கும் என்பதை 12ஆம் நூற்றாண்டில் செருமானியத் துறவி ஹில்டகார்டு எழுதிவைத்தார். 1516இல் பவேரியச் சட்டம் பார்லி, ஹாப், நீர் என்பவற்றுக்கு மேல் ஒன்றும் கூடாதென விதித்தது. இங்கிலாந்தில் ஹாப் இல்லாதது ‘ஏல்’, ஹாப் இட்டது ‘பீர்’ என்று நெடுங்காலம் பிரித்தே வழங்கினர். ஏல் ஆங்கிலேயனுக்கு இயல்பானது, பீர் டச்சுக்காரனுக்கு உரியது என்று 1542இல் ஆண்ட்ரூ போர்டு என்ற மருத்துவர் எழுதினார். இறுதியில் ஹாப் வென்றதற்குக் காரணம் சுவை மட்டுமன்று. கசப்பேறிய பீர் நெடுநாள் கெடாது, தொலைவுக்கு அனுப்பலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பல மாதக் கடற்பயணம் தாங்கி வந்தது ஹாப் மிகுந்த வடிப்பே.

தோப்பிக்கு இக்கவலை இல்லை. செவ்வாயன்று சாடியில் இட்டதை வியாழனன்று பருகி முடிக்கும் வீட்டில் ஆறு மாதம் காக்கும் பூவுக்கு என்ன வேலை? ஆகையால் தமிழ்க் கள்ளில் கசப்பு ஒரு சிறப்பாக எங்கும் பாராட்டப்படவில்லை. பாராட்டப்பட்ட சுவைகள் வேறு.

அவற்றைப் பாட்டுகளிலிருந்தே தொகுக்கலாம். முதலாவது, பச்சைத் தன்மை நீங்குதல். இதற்கு ‘வழைச்சு’ என்று ஓர் அரிய சொல்லைப் பெரும்பாணாற்றுப்படை வைத்திருக்கிறது. வழைச்சு என்பது இளமை. முற்றாத வடிப்பின் மாவு வாடையையும் முதிராச் சுவையையும் குறிக்கும். இன்றைய வடிப்போர் முற்றாத பீரைப் ‘பச்சைப் பீர்’ என்பர். ஒரே குறையை ஈரிடத்தாரும் ஒரே வகையில் உணர்ந்து பெயரிட்டனர். அடுத்தது தெளிவு. தேறியது, அஃதாவது தெளிந்தது, தேறல் எனப்பட்டது. தெளியாதது கலங்கல். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்பதில் ஒரு நயம் இருக்கிறது. புறநானூற்று 298ஆம் பாட்டில் வீரன் ஒருவன், முன்பெல்லாம் வேந்தன் எமக்குக் கலங்கலைத் தந்து தான் தேறலை உண்பான். இன்றோ பகைவர் மதிலை முற்றியபோது ‘நீ முந்து’ என்று சொல்லாமல் இன்னாதவன் ஆயினான் என்று நொந்துகொள்கிறான். தெளிந்ததைத் தான் வைத்துக்கொண்டு கலங்கியதை வீரனுக்குக் கொடுத்தல் அன்பாகுமா என்று மாணவர் கேட்பர். கலங்கலில் ஈஸ்டும் கரையாத மாவும் மிகுதி. அது கனத்து வயிற்றை நிறைக்கும், களிப்பும் மிகும். தேறல் மென்மையானது. போருக்குச் செல்லும் வீரனுக்கு உரம் மிக்கதைக் கொடுத்தான் என்பதே அன்பின் குறிப்பு. தெளிவே சிறந்தது என்ற இக்காலக் கருத்தைக் கொண்டு படித்தால் பாட்டு தலைகீழாகிவிடும்.

மூன்றாவது கடுப்பு. நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேளின் கொட்டுக்கு ஒப்பிட்டார் ஔவையார். பாம்பின் சீற்றத்தைச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. ஆனால் இவை நிலத்தில் புதைத்தும் மூங்கிற் குழாயில் அடைத்தும் நெடுநாள் முதிரவைத்தவற்றைப் பற்றியன. விருந்துக்கும் விழாவுக்கும் உரியன. அகநானூற்று 348ஆம் பாட்டில் குறவர் மாம்பழச் சாற்றோடு பலாச்சுளையையும் தேனையும் கலந்து மூங்கிலில் விளைவிக்கின்றனர். அதற்கும் தோப்பி என்றே பெயர் வருகிறது. மலைத்தெய்வத்துக்குப் படைத்த பின்னர்ப் பெண்கள் ஊட்ட, ஆண்கள் மாந்திக் காவலை மறக்கிறார்கள். தினையை யானை கவர்ந்துகொண்டு போகிறது. குடியின் கேட்டைப் பழம்புலவர் பாடவில்லை என்பார் இப்பாட்டைப் பார்த்திலர் போலும். விளைந்த தினை முழுதும் போயிற்று என்பது மலைவாழ்நருக்குச் சிறிய இழப்பன்று.

இரண்டு நாளில் பிழிந்த வலைஞர் கள்ளோ வேறு. சர்க்கரை முழுதும் சாராயமாக மாறுவதற்கு இரண்டு நாள் போதாது. ஆகவே அது சற்று இனிக்கும், சற்றுப் புளிக்கும், மூலிகையின் மணம் இருக்கும், கஞ்சியின் கனமும் இருக்கும். இன்று அண்டியாவையும் இளந்துவாக்கையும் சுவைத்தவர் கூறுவதும் இதுவே. சுட்ட மீனின் கரிப்புக்கு இனிப்பும் புளிப்பும் கலந்த அந்நீர் பொருத்தமான துணை. பாணன் தளர்ந்தபோது தருவர் என்று புலவர் கூறியதன் நுட்பமும் இங்கே விளங்கும்: அது பாதி உணவு.

இதனை அட்டவர் யார்? அதே பாட்டின் பட்டினப் பகுதியில் கள்ளடு மகளிர் வருகின்றனர். அவர்கள் வள்ளம் கழுவிய நீர் வழிந்து சேறான இடத்தில் பன்றிக்குட்டிகள் புரளுகின்றன என்று புலவர் உள்ளதை உள்ளவாறே காட்டுகிறார். அடுதல் பெண்டிர் கைத்தொழிலாக இருந்தது; சார்க்கண்டிலும் சரவாக்கிலும் வில்லை தட்டுவோரும் சாடி காப்போரும் இன்றளவும் பெரும்பாலும் பெண்களே.

கடை அக்காலத்தில் இல்லையா எனின், இருந்தது. கள் விற்குமிடத்தில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கூறுகின்றன. அரசின் கையும் இருந்தது. கௌடலீயம் கள் வடித்தலையும் விற்றலையும் அரசின் கண்காணிப்பில் வைக்கிறது. ஆனால் அதே நூல், குடும்பத்தார் தம் வீட்டுச் சடங்குகளுக்கு வெண்சுரையும் மருந்துக்காக அரிட்டமும் செய்துகொள்ளலாம் என்றும், விழாக் காலத்தில் நான்கு நாள் உரிமை தரலாம் என்றும் இடம் விடுகிறது. வீட்டு வடிப்புக்கு அரசு ஒரு வாசல் திறந்தே வைத்திருந்தது.

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தில் மது வடிப்பதற்கும் கள் இறக்குவதற்கும் உரிமம் வேண்டும் என்று ஆயிற்று. வரி வருவாயே அதன் முதல் நோக்கம். அச்சட்டம் நடந்த மாவட்டங்களிலிருந்தே தமிழர் பல்லாயிரவர் மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தனர். இங்கே அவர்களுக்குக் கிடைத்தது தோட்டக் கள்ளுக்கடை. தென்னங்கள் காலையில் இனிக்கும், மாலையில் புளிக்கும், மறுநாள் காடியாகும். அதனை வாங்குபவன் வேலை முடிந்து வரும்போது எந்நிலையில் இருக்கிறதோ அந்நிலையில் குடித்தாகவேண்டும். இதில் அடுவதற்கோ, ஆற்றுவதற்கோ, வழைச்சு நீங்கியதா என்று பார்ப்பதற்கோ இடமில்லை. பெண்டிர் கையும் இல்லை. கூலியின் ஒரு பகுதி கடைக்குத் திரும்பிச் சென்றது. கள் இல்லையெனில் தமிழன் வேலை செய்யமாட்டான், அது அவன் பழைய வழக்கம் என்ற பேச்சும் உடன் நடந்தது.

தோட்டத் தொழிலாளரே அதற்கு மறுமொழி கூறினர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒன்று. போருக்குப் பின்னர்க் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் அதே கோரிக்கையை முன்வைத்துக் கடைகளின் முன் நின்றனர். அவர்கள் எதிர்த்தது உருத்திரங்கண்ணனார் பாடிய சாடியை அன்று. அதனை அவர்கள் கண்டதே இல்லை. நச்சினார்க்கினியர் காலத்திலேயே தோப்பி என்ற சொல்லுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

ரஹாங்கைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, கள்ளுக்கடைகளும் போயின. சிரம்பான் சந்தையில் ராகி வில்லைகள் இன்னும் விற்கின்றன: தட்டையாய், வெண்மையாய், விரலால் அழுத்தினால் பொலபொலவென உதிர்வனவாய். பெரும்பாணாற்றுப்படை நடத்தும் ஆசிரியர் ஒன்றை வாங்கிச் சென்று, குரும்பி என்ற சொல் வரும் இடத்தில் மாணவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.